ஆயிலில் கூலன்ட் கலந்த பைக்குக்குக் கைப்பம்பு பிரஷர் டெஸ்டர்: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

லிக்விட் கூல்டு பைக்கில் ஆயில் சைட் கிளாஸ் (ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி) வெளுத்துவிட்டால் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்ற தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டருக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. பல கேஸ்களில் ஹெட்டைத் தொடவே தேவையில்லை. கசிவு எந்த இடத்தில் என்று எஞ்சினைப் பிரிக்காமலே காட்டக்கூடிய கருவி, கைப்பம்பு வைத்த கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அடாப்டரை மாட்டி, கையால் காற்றடித்து, வண்டி ஓடும்போது கூலன்ட்டில் இருக்கும் அழுத்தத்தை நின்ற நிலையிலேயே உண்டாக்குவதுதான் இதன் வேலை. பம்ப், முள் வைத்து அழுத்தம் காட்டும் கேஜ், ஹோஸ், அடாப்டர், காற்றை வெளியேற்றும் வால்வு, இவ்வளவுதான் பெட்டிக்குள்.

சந்தையில் இரண்டு ரகம். கார்களுக்கென்று ஏகப்பட்ட அடாப்டரோடு வரும் பெரிய பெட்டி ஒன்று. பைக்குக்கென்று இரண்டு மூன்று அடாப்டரோடு வரும் சின்ன கிட் இன்னொன்று. அடாப்டர் எண்ணிக்கையைப் பார்த்துப் பெரிய பெட்டியை வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பைக் ரேடியேட்டரின் வாய் பெரும்பாலும் கார் வாயைவிடச் சிறியது, ஆழமும் வேறு. அடாப்டர் மேல் விளிம்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாய்க்குக் கீழே, உள்ளே இருக்கும் இரண்டாவது விளிம்பில் அதன் ரப்பர் அழுந்த வேண்டும். அது அழுந்தவில்லை என்றால் அடித்த காற்று ரிசர்வ் டேங்குக்குப் போய்விடும். முள் இறங்குவதைப் பார்த்து எஞ்சினில் கசிவு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பம்ப் அடிக்கும்போது ரிசர்வ் டேங்கில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடாப்டர் சேரவில்லை, சோதனை செல்லாது.

அடுத்தது கேஜ். பைக் மூடிகளில் பரவலாக 1.1 பார் (அழுத்தத்தின் அலகு) என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் கூடவும் இருக்கும். கேஜின் முழு அளவு 2.5 பாருக்குள் இருந்தால் 0.05 பார் மாற்றத்தைக் கண்ணால் படிக்கலாம். 4 பார் வரை போகும் கேஜில் அது முள்ளின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். ஹோஸ் நீளமாக, வளையக்கூடியதாக இருக்க வேண்டும். பம்பும் கேஜும் நேராக வாயின் மேலே உட்காரும் மாடல் பைக்குக்கு ஆகாது. அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய கழுத்தில் அந்த எடை தொங்கினால் புதிய கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

கையில் வாங்கியதும் முதல் வேலை, டெஸ்டரையே சோதிப்பது. மூடியைச் சோதிப்பதற்கென்று கிட்டோடு வரும் இருமுனை அடாப்டரில் நல்ல மூடி ஒன்றைப் போட்டு, மூடியின் அளவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். விலை குறைந்த கிட்களில் இங்கேயே முள் இறங்கும். காரணம் பெரும்பாலும் ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளரின் ஓ-ரிங், அல்லது பம்பின் ஒருவழி வால்வில் சிக்கிய தூசி. ஓ-ரிங்கை மாற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். அதன் பிறகும் இறங்கினால் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டெஸ்டரை மாட்டுவதற்கு முன் கலந்திருப்பது கூலன்ட்தானா என்று உறுதி செய்ய வேண்டும். அதை இந்தக் கருவி சொல்லாது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடேறாமல், உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல், ஃபில்லர் மூடியின் அடியில் பால் ஊற்றிய காபி நிறத்தில் பசை சேரும். அப்போது ரிசர்வ் டேங்க் அளவு குறையாது, ஆயில் அளவு ஏறாது. நன்றாகச் சூடேறும்படி ஒரு நீண்ட ஓட்டம் போனால் பசையும் மறையும். கூலன்ட் குறைந்துகொண்டே போய், ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறினால் கதை வேறு. வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்தி, மறுநாள் டிரெயின் போல்ட்டை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது; முழுக்கக் குழம்பிப் போகாதவரை, அடியில் தங்கியது முதலில் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளியே வரும். சூடான தட்டில் ஒரு துளி ஆயிலை விட்டுப் பொரிகிறதா என்று பார்ப்பது தண்ணீர் இருப்பதை மட்டுமே காட்டும். அது கூலன்ட்டின் தண்ணீரா, காற்றின் ஈரமா என்று பிரிக்காது. சூட்டில் தெறிக்கும், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

இனி சோதனை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதைப் பலர் சூட்டுக் காயத்துக்கான எச்சரிக்கையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள், முள்ளுக்கும் இதில் பங்கு உண்டு. 1.5 லிட்டர் கூலன்ட் 10 டிகிரி ஆறினால் 6, 7 மில்லி சுருங்கும். வாய் வரை கூலன்ட் நிரப்பி மாட்டினால் ஹோஸுக்குள் இருக்கும் காற்று சுமார் 50 மில்லிதான். அந்தச் சுருக்கத்துக்கே 1.1 பாரில் நிற்கும் முள் கால் பார் வரை இறங்கிவிடும், ஒரு சொட்டுக்கூடக் கசியாமல். இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது: 1 மில்லி கசிந்தாலே 0.04 பார் இறங்கும். அதனால்தான் வாய் வரை நிரப்புவது முக்கியம். பாதி காலியாக வைத்து அடித்தால் உள்ளே காற்று அதிகம், சின்னக் கசிவு கேஜில் தெரியாது.

வண்டியை நேராக நிறுத்தி, ஆயிலை முழுக்க வடித்துவிட்டு டிரெயின் போல்ட்டைத் திறந்தே விடுங்கள். அடியில் வெள்ளைத் தட்டு, ஸ்பார்க் பிளக்குகள் வெளியே. மூடியில் அச்சிட்ட அளவு வரை நிதானமாக அடியுங்கள், அதைத் தாண்டாதீர்கள். ரப்பர் ஹோஸ்கள் விரிவதால் முதல் நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்கும், அதைக் கணக்கில் எடுக்காமல் திரும்ப ஏற்றி 15 நிமிடம் பாருங்கள். முள் நகராவிட்டால் ஒரு மணி நேரம் விடுங்கள். இறங்கினால் கசிவு உண்டு என்று தெரிந்துவிட்டது. இனி கேஜை விட்டுவிட்டு எங்கே ஈரம் என்று தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை. பம்ப் தண்டில் கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், எஞ்சின் பக்கம் ஆயில் சீல், இரண்டுக்கும் நடுவில் இந்தத் துளை. மெக்கானிக்கல் சீல் தேய்ந்தால் கூலன்ட் இந்த வழியாக வெளியே சொட்ட வேண்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். சேறும் காய்ந்த கூலன்ட் உப்பும் துளையை அடைத்துவிட்டால் கூலன்ட் வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலின் உதட்டைத் தாண்டி எஞ்சினுக்குள் போகிறது. சொட்டு தரையில் விழுகிறதே என்று யாரோ துளையை எம்-சீல் வைத்து அடைத்திருப்பதும் உண்டு. மெல்லிய நைலான் இழையால் துளையைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப அழுத்தம் ஏற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போதே கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுழலும் திசையில் கையால் சில சுற்று சுற்ற வேண்டும். நின்ற தண்டில் பிடித்துக்கொள்ளும் சீல், தண்டு சுழலும்போது விட்டுவிடலாம். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லக் கூடாது.

துளை காய்ந்திருக்கிறது, டிரெயின் ஓட்டையில் மட்டும் கூலன்ட் சொட்டுகிறது என்றால் அடுத்த சந்தேகம் கிளட்ச் கவர். பல எஞ்சின்களில் கூலன்ட் வழி அந்தக் கவரின் கேஸ்கெட்டைக் குறுக்கே கடந்து போகிறது; கேஸ்கெட் அந்த இடத்தில் விட்டால் நேராக கிராங்க்கேஸுக்குள்தான். கவர் போல்ட்டுகளை யாராவது டார்க் (முடுக்கும் விசையின் அளவு) பார்க்காமல் முடுக்கியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அதற்கும் பிறகுதான் சிலிண்டர் அடி ஓ-ரிங்கும், கேம் செயின் குழி பக்கமாக விட்ட ஹெட் கேஸ்கெட்டும். பிளக் ஓட்டையில் கேமரா விட்டுப் பாருங்கள்: பிஸ்டன் தலையில் ஒரு பக்கம் மட்டும் கரி கழுவப்பட்டுப் பளிச்சென்றிருந்தால் கூலன்ட் எரியறைக்கும் போகிறது. கூலன்ட் சுற்றும் ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அதையும் விடாதீர்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்திய பிறகு கூலன்ட் அழுத்தம் மிஞ்சும், ஓட்டம் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் முதலில் கூலரைச் சோதியுங்கள்.

கருவியின் பலவீனம் ஒன்று உண்டு. சூடேறி விரிந்தால் மட்டும் விடும் ஹெட் கேஸ்கெட்டை ஆறிய எஞ்சினில் இது காட்டாமல் போகலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் வடித்த ஆயிலுக்குப் பதில் புதிய ஆயில் ஊற்றி, பிளக்குகளை மாட்டி, ஆறிய நிலையில் டெஸ்டரைப் பொருத்தி, காற்றடிக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முள் மெல்ல ஏற வேண்டும். ஸ்டார்ட் ஆனதுமே குதித்து ஏறி, எஞ்சின் துடிப்போடு சேர்ந்து ஆடினால் எரிவாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. டெஸ்டர் மாட்டியிருக்கும்போது மூடியின் பாதுகாப்பு வால்வு அங்கே இல்லை என்பதை மறக்காதீர்கள். அச்சிட்ட அளவை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திக் காற்றை விட வேண்டும்.

கசிவு மிக நுண்ணியது, முள்ளும் அசையவில்லை என்றால் ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்புவது இதைவிட நல்ல வழி. வடிக்கும்போது நடுவில் வரும் ஆயிலைப் பிடியுங்கள், அதே பிராண்டின் புதிய ஆயிலையும் சேர்த்து அனுப்புங்கள். சோடியம், பொட்டாசியம் இரண்டும் புதிய ஆயிலைவிட ஏறியிருந்தால் கூலன்ட்டின் சேர்மானங்கள் உள்ளே வந்திருக்கின்றன. சிலிக்கான் தனியாக ஏறினால் அது தூசியாகவோ கேஸ்கெட் பசையாகவோ இருக்கலாம். தண்ணீர் ஆவியாகிவிடும், கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் அவ்வளவு எளிதில் போகாது. தங்கி, அமிலமாகி, பேரிங்கை அரிக்கும். ஆகவே "கொஞ்சம்தானே" என்று ஓட்டிக்கொண்டே இருப்பதை ஏற்க முடியாது.

பைக் மட்டுமே பார்ப்பவர்கள் சின்ன கிட்டை வாங்குங்கள், உங்கள் வண்டியின் மூடியைக் கையோடு எடுத்துப்போய் அடாப்டரோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் ஹோஸை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். உள்ளே காயும் கூலன்ட் வால்வைக் கெடுக்கும்.

பம்ப் சீல் வேலை என்றால் மெக்கானிக்கல் சீலை மட்டும் மாற்றிவிட்டு ஆயில் சீலை விடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய சீலை வெளி விளிம்பில் மட்டும் அழுத்தி இறக்குங்கள். தண்டில் நகத்துக்குத் தட்டும் பள்ளம் இருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும். பிறகு ஆயில் ஊற்றுவதற்கு முன்பே, டிரெயின் போல்ட் திறந்த நிலையில், அதே டெஸ்டரை மாட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். முள் நின்றால் ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, சூடேறும் வரை ஓடவிட்டு வடித்து, ஆயில் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகும் கிளட்ச் வழுக்கினாலோ உதறினாலோ ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகள் கூலன்ட்டில் ஊறிக் கெட்டிருக்கும். கழுவிப் போடாமல் செட்டாக மாற்றுங்கள்.