ஓலான்சபின் மாத்திரை: சத்தத்த அடக்குச்சு, பசிய கிளப்பி விட்டுருச்சு

என் தம்பி, இல்லாத குரல் காதுல கேக்குற மாதிரி மனநோய்க்கு குடுக்குற ஓலான்சபின் மாத்திரை சாப்பிடுறான், தினம் ராத்திரி எடுத்துக் குடுக்குறது நான்தான், அதனால கண்ணால பாத்தத எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். யாரோ காதுல திட்டுறாங்கன்னு விடிய விடிய மொட்டமாடில நடந்துட்டு இருந்தவன், இத ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே படுத்து தூங்குனான். சத்தம் குறைய இன்னும் சில வாரம் ஆச்சு, ஆனா குறைஞ்சுச்சு. அம்மா பக்கத்துல உக்காந்து கிரிக்கெட் பாக்குற அளவுக்கு வந்துட்டான். ஜெனரிக்கா நிறைய கம்பெனி போடுறதால விலையும் கட்டுபடியாகுது. வாயில போட்டதும் கரையுற வகையும் இருக்கு, மாத்திரைய கன்னத்துல ஒதுக்கி வச்சு துப்புறவங்களுக்கு அது ரொம்ப உதவி.

இப்ப பசி. சாப்ட்டு கை கழுவிட்டு வந்த உடனே அடுத்து என்ன இருக்குன்னு கேப்பான். ஒரு நாள் நடுராத்திரி அடுப்படில சத்தம் கேட்டு போய் பாத்தா, லைட்டு கூட போடாம, தண்ணி ஊத்தி வச்ச சோத்த சட்டியோட மடில வச்சு அள்ளி அள்ளி சாப்ட்டுட்டு இருக்கான், தொட்டுக்க ஒரு ஊறுகா கூட இல்ல. என்ன பாத்ததும் "வயிறு நிறையவே மாட்டேங்குதுக்கா"ன்னு அழுதுட்டான்.

சொந்தக்காரங்க இதத்தான் வேலவெட்டி இல்லாம தின்னுட்டு தூங்குறான்னு பேசுறாங்க, கேக்கவே வயிறு எரியுது. மூளையில ஹிஸ்டமின், செரோடோனின்ங்கற ரசாயனங்கள் போய் ஒட்டி வேலை செய்யுற இடங்கள் (ரிசெப்டர்) சிலத இந்த மருந்து தடுக்குது, போதும்ங்கற உணர்வு கெட்டுப்போறதுக்கு அதுதான் முக்கிய காரணம்னு சொல்றாங்க, பகல்ல தூக்கம் தள்ளுறதும் அந்த ஹிஸ்டமின் தடையாலதான். அவன் சோம்பேறி இல்லைங்க. அமெரிக்காவுல கேட்டி (CATIE)ன்னு இந்த மாதிரி மருந்துகள ஒப்பிட்டு பாத்த பெரிய ஆய்வு ஒண்ணு 2005ல வந்துச்சு, அதுல மத்த மருந்துகள விட ஓலான்சபின் எடுத்தவங்கதான் அத நிறுத்தாம அதிக நாள் எடுத்தாங்க, எடையும் அவங்களுக்குத்தான் அதிகம் ஏறுச்சு, மாசம் சராசரியா 0.9 கிலோ. எங்க வீட்டுல நடந்ததும் அதே கததான்.

எனக்கு கோவம் மாத்திரை மேல இல்ல. முதல்ல காமிச்ச ஆஸ்பத்திரில தம்பிய ஒரு தடவ கூட எடை மெஷின்ல ஏத்தல. தூங்குறானா, சரி, அதே மாத்திரை, அடுத்த ஆள், அவ்ளோதான். 2004லயே அமெரிக்க நீரிழிவு சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேந்து தெளிவா சொல்லிட்டாங்க: ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பு சுத்தளவு, பிபி, வெறும் வயித்து சுகர், கொழுப்பு எல்லாம் பாக்கணும், எடைய 4, 8, 12வது வாரம் திரும்ப பாக்கணும், 12வது வாரம் சுகரும் கொழுப்பும் மறுபடி பாக்கணும். இதுக்கு பெரிய செலவா ஆகப்போகுது? எடை பெருசா ஏறாதவங்களுக்கும் சுகர், ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு ஏறலாம், அதனால ஆள் ஒல்லியாதானே இருக்கான்னு விட்டுறக்கூடாது.

இப்ப பாக்குற டாக்டரம்மா டோஸ கொஞ்சம் குறைச்சு கூடவே சுகருக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரையும் போட்டாங்க, ஆரம்பத்துல வயித்தால போச்சு, சாப்பாட்டோட குடுத்ததும் சரியாயிடுச்சு, எடை ஏறுறது நின்னுருச்சு. இதே மாதிரி நோய்க்கு இருக்குற வேற மாத்திரைங்க, அரிபிப்ரசோல், லுராசிடோன் எல்லாம் அவ்வளவா எடை ஏத்தாது, ஆனா எல்லாருக்கும் அது கேக்கும்னு சொல்ல முடியாது. வேலை செய்யுறதுக்கு ஓலான்சபினுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், பக்கவிளைவுக்கு ஒண்ணுதான்.

குண்டாகுதேன்னு தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க, நோய் திரும்ப வந்தா முன்னவிட மோசமா கூட வரலாம். வீட்டுல ஒரு எடை மெஷின் வாங்கி வைங்க, வாரத்துல ஒரே கிழமைல காலைல பாத்து நோட்டுல எழுதி வைங்க, டாக்டர் கேக்கலைன்னாலும் மேசை மேல எடுத்து வைங்க, எங்க டாக்டரம்மா மெட்ஃபார்மின் எழுதுனதே அந்த நோட்ட புரட்டி பாத்துட்டுத்தான்.