மைக் பேனலுக்கு நியூட்ரிக் எக்ஸ்எல்ஆர்: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக் கேபிளைச் செருகுகிற மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பெண் கனெக்டர், நியூட்ரிக்கின் என்சி3எஃப்டி-எல்-1, நல்ல சாமான், கேட்கிற காசுக்குத் தகும், ஆனால் ரேக்கில் இருக்கிற எல்லா ஓட்டைக்கும் அதையே போட வேண்டியதில்லை. ஒரு சின்ன ரெக்கார்டிங் அறைக்கு மைக் லைன் பேனல் செய்ய வாங்கினேன். 1யு உயரம் (44.45 மி.மீ.), 19 அங்குல அகலம், அதில் 16 ஓட்டை. முன்னால் பெண் கனெக்டர்கள், பின்னால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பி, முனையில் ஆண் கனெக்டரோடு நேராக மிக்ஸருக்குப் போகும். அவ்வளவுதான் டிசைன்.

48 பாயின்ட் டிஆர்எஸ் பேட்ச்பே (கருவிகளின் லைன்களை ஜாக் பிளக்கால் இணைத்து மாற்றுகிற பலகை) ரெடிமேடாகவே கிடைக்கும்போது எதற்கு இந்த ஈய (சால்டரிங்) வேலை என்று கேட்கலாம். கம்ப்ரஸர், ஆடியோ இன்டர்ஃபேஸ் மாதிரி லைன் லெவல் (மைக்கைவிடப் பலமான சிக்னல்) சமாச்சாரத்துக்கு அதுதான் சரி, நானும் அதையே சொல்வேன். மைக்குக்கு மட்டும் வேண்டாம். டிஆர்எஸ் பிளக் உள்ளே போகும்போது அதன் நுனி வழியில் இருக்கிற தொடர்புகளை எல்லாம் உரசிக்கொண்டே போகிறது, அந்த நேரத்தில் 48 வோல்ட் ஃபான்டம் (மிக்ஸர் அதே கேபிளில் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல் கம்பி ஒரு கணம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும், ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு அடி விழும், ரிப்பன் மைக் மாட்டியிருந்தால் அதற்கே ஆபத்து. எக்ஸ்எல்ஆரில் ஒவ்வொரு பின்னுக்கும் தனி ஓட்டை, அதனால் இந்தத் தொல்லை இல்லை. அதிலும் பெண் கனெக்டரில் 1-ஆம் தொடர்பு மற்ற இரண்டுக்கும் முன்பாகத் தொடும்படி அமைத்திருக்கிறார்கள், கிரவுண்ட் முதலில் சேர்ந்துவிடுகிறது.

நியூட்ரிக், லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் 1975-இல் தொடங்கிய கம்பெனி, ஆனால் இன்று அதன் கனெக்டர் உட்காரும் இந்த 'டி' ஓட்டை உலகம் பூராவும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 24 மி.மீ. வட்டம், மூலைக்கு மூலையாக இரண்டு திருகு. இதில் ஒரு வசதி: காலியாக விட்ட ஓட்டையில் நாளைக்கு ஈதர்நெட்டோ யுஎஸ்பியோ அதே அளவில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எம்3 திருகுகளை மட்டும் மறக்காமல் கூடவே கேட்டு வாங்குங்கள்.

இப்போது வயரிங். 1 ஷீல்டு (சிக்னல் கம்பிகளைச் சுற்றியிருக்கும் காப்பு), 2 ஹாட் (சிக்னலின் நேர்ப்பக்கம்), 3 கோல்ட் (அதன் எதிர்ப்பக்கம்). ஒவ்வொரு ஈயக் கிண்ணத்தின் பக்கத்திலும் எண் அச்சிட்டிருக்கிறது, அதைப் பார்த்தே வையுங்கள், பழக்கத்தை நம்பாதீர்கள், ஏனென்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1-உம் 2-உம் இடம் மாறி உட்காரும். 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டாலும் ஒற்றை மைக்கில் ஒரு வித்தியாசமும் காதுக்குத் தெரியாது, அதுதான் வம்பே. அந்த லைனையும் சரியான இன்னொரு லைனையும் சேர்த்து ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைக்கிற அன்றைக்குத்தான் பேஸ் (கனத்த அடிநாதம்) காணாமல் போகும், நீங்கள் மைக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பழைய அமெரிக்கக் கருவிகள் சில 3-ஐ ஹாட்டாக வைத்திருந்தன. 1992-இல் ஏஇஎஸ்14 என்ற தரவிதி வந்தபின் அந்தக் குழப்பம் தீர்ந்தது. அதற்கு முந்தைய பெட்டி எதையாவது ரேக்கில் வைத்திருந்தால் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கனெக்டரின் உலோக உடம்பைத் தொடும் நான்காவது காது ஒன்று இருக்கிறது. இதை 1-ஆம் பின்னோடு சேர்க்க வேண்டுமா என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். என் கருத்து, இப்படி வெறும் வழிவிடுகிற பேனலில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் எல்லாச் சேனலின் ஷீல்டும் பேனல் தகடு வழியாக ஒன்றாகி, தகடு ரேக்கைத் தொட்டு, ரேக்கில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் அதில் கலந்து, 'ஹம்' என்று இரைகிற கிரவுண்ட் லூப்புக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். ஷீல்டு தனியாக உள்ளே வந்து தனியாக வெளியே போகட்டும், மிக்ஸர் அதைத் தன் உடம்போடு சேர்த்துக்கொள்ளும், அது மிக்ஸர் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் ரேடியோ டவர் இருந்து இரைச்சல் ஏறுகிறது என்றால் அது வேறு கதை, அப்போது யோசிக்கலாம்.

சூட்டைத் தாங்குவதில் இந்தக் கனெக்டரைப் பற்றி எனக்குக் குறை இல்லை, கிண்ணம் ஈயத்தைச் சட்டென்று பிடிக்கிறது. ஆனாலும் சால்டரிங் அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் கனெக்டரிலும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இளகி, தொடர்பு சாய்ந்துவிடும். ஒரு ஆண் கனெக்டரை முன்னால் மாட்டி வைத்துவிட்டு ஈயம் வைத்தால் எதுவும் நகராது. கிண்ணத்தில் முதலில் கொஞ்சம், கம்பியில் கொஞ்சம், அப்புறம் இரண்டையும் ஒரு தொடுதலில் சேர்ப்பது. 60/40 ஈயத்தைவிட 63/37 (வெள்ளீயமும் ஈயமும் கலந்த சதவீதம்) எனக்குப் பிடிக்கும், 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக இறுகும், நடுவில் கூழ் மாதிரி நின்று கை ஆடினால் கெட்டுப்போகிற கட்டம் இல்லை. பேனலில் முன்பக்கமாக மாட்டுவதானால், கேபிளை ஓட்டை வழியே முதலில் இழுத்துக்கொண்டு மேசையிலேயே ஈயம் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கனெக்டரைத் தள்ளித் திருகலாம். 16 கனெக்டர் நெருக்கியடித்து நிற்கிற பேனலுக்குப் பின்னால் அயர்னை நுழைப்பது ஒரு தண்டனை.

கேபிள் பற்றி ஒரே வரி: ரேக்குக்குள் அசையாமல் கிடக்கப்போகிற கம்பிக்கு ஸ்டார் க்வாட் (நான்கு கம்பி முறுக்கிய கேபிள்), பின்னல் ஷீல்டு எல்லாம் வீண் செலவு, உரிப்பதற்குள் விரல் போய்விடும். பெல்டன் 8451 மாதிரி ஃபாயிலும் ட்ரெயின் கம்பியும் (ஃபாயிலைத் தொட்டபடி ஓடும் உறையில்லாத கம்பி) உள்ளது போதும்; ட்ரெயின் கம்பிக்கு மட்டும் ஸ்லீவ் போடுங்கள், இல்லாவிட்டால் அது பக்கத்துக் கிண்ணத்தைத் தொடும்.

போலிகள் நிறைய உலவுகின்றன, அசலைப் போலவே பெயரும் அச்சிட்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்றால் நம்பாதீர்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? தினமும் செருகிக் கழற்றுகிற முன்பக்கப் பெண் கனெக்டரில் வேண்டாம், அந்தப் பூட்டும் பிடியும்தான் தேயும். மிக்ஸரில் ஒருமுறை செருகினால் வருடக்கணக்கில் தொடாத பின்பக்க ஆண் கனெக்டருக்கு அதே கம்பெனியின் மலிவு வரிசையான ரீன் தாராளமாகப் போதும். நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன், பட்ஜெட்டில் மிஞ்சியது கேபிளுக்கு ஆயிற்று.