பேண்ட் சா சக்கரம், பிளேடு, பாலிகார்பனேட் ஷீட் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை: 64,500 ரூபாய் போச்சு

போனது 64,500 ரூபாய். சாமான் வாங்கிய தளத்திலிருந்து கடைசி பதில் நேற்று ராத்திரி வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

2011-ல் 'தானே', 2024-ல் 'ஃபெஞ்சல்' என்று புயலுக்குப் புயல் நம் பக்கம் மரம் சாய்கிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடியில் பலா. வில்லியனூர், பாகூரில் வேம்பும் பூவரசும். நல்ல பலா அடிமரத்தை விறகு விலைக்கு விட மனசு வராமல், சின்னதாக ஒரு பேண்ட் சா மில் (இரண்டு சக்கரத்தின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பத்தால் மரம் அறுக்கிற எந்திரம்) தாமே கட்டி, அறுத்த பலகையைக் காயவைக்க ஒரு சோலார் டிரையரும் போடலாம் என்று இறங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். சாமான் தேடினால் எல்லோரும் போய் நிற்பது ஒரே மாதிரித் தளத்தில்தான். எந்திரச் சாமான் மொத்த விற்பனைத் தளம். "விலை கேளுங்கள்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் பத்து நிமிஷத்துக்குள் கடைக்காரர்கள் வரிசையாகப் போன் செய்வார்கள். தளத்தின் பெயரும் கடையின் பெயரும் இங்கே போடவில்லை. கதையைப் படித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஆர்டர் கொடுத்தது இவை. 19 அங்குல வார்ப்பிரும்புச் சக்கரம் இரண்டு, சக்கரத்தை ஏற்றும் 40 மி.மீ. ஷாஃப்ட் இரண்டு, ஷாஃப்டைத் தாங்கும் யுசிபி 208 பேரிங் நான்கு, சேர்த்து 38,000. பிளேடு பத்து, ஒன்று 1,650 வீதம் 16,500. அதன் அளவு 4,013 மி.மீ. நீளம், அதாவது 158 அங்குலம், 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. தடிப்பு, பல்லுக்குப் பல் 22 மி.மீ. டிரையருக்கு 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், ஒரு பக்கம் புற ஊதாத் தடுப்புப் பூச்சோடு, 125 சதுர அடி 10,000. கூட்டினால் 64,500.

சக்கரத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். மில்லில் மற்றதெல்லாம் நம் வெல்டிங் பட்டறையிலேயே முடிந்துவிடும். சி சேனலில் ஃபிரேம், ஆங்கிளைக் கவிழ்த்துப் போட்டு 20 அடி தண்டவாளம், ஏற்றி இறக்கத் திருகு, எல்லாமே நம்மால் ஆகிற வேலை. மோட்டார் 7.5 ஹெச்பி, 1,440 சுற்று. மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, சக்கர ஷாஃப்டில் 6 அங்குலப் புல்லி போட்டால் சக்கரம் 960 சுற்று சுற்றும். 19 அங்குலச் சக்கரத்துக்கு பிளேடு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 4,775 அடி ஓடும். வேம்புக்கும் பலாவுக்கும் அந்த வேகம் சரி. ஆனால் அந்த வேகத்தில் சக்கரம் அவுட் அடித்தால், அதாவது சுற்றும்போது கோணலாக ஆடினால், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பிளேடு முன்னும் பின்னும் போய் வரும். பிளேடின் பின் விளிம்பு, அதை நேராக ஓடவைக்கும் கைடு ரோலரில் இடிக்கும், நிமிஷத்துக்கு 960 இடி. பல்லடிப் பள்ளத்தில் முடி போல வெடிப்பு விழும், அப்புறம் அறுந்து போகும். கால் மி.மீ. வரை அவுட் இருந்தால் ஓட்டலாம். அதற்கு மேல் ஆபத்து.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லித்தான் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல தமிழ். "நீங்க விஷயம் தெரிஞ்சவங்க அண்ணே, உங்களுக்குச் சொல்லவே வேணாம். வீடியோ அனுப்புறேன், பாத்துட்டுப் பணம் போடுங்க" என்றார். அன்று சாயங்காலமே வீடியோ வந்தது. லேத்தில் சக்கரம் மாட்டியிருக்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்திருக்கிறது, கையால் மெதுவாகச் சுற்றுகிறார், முள் அசையவே இல்லை. "பாருங்க அண்ணே, ஒரு பாயிண்ட் கூட நகரல." டயல் கேஜ் வைத்துக் காட்டுகிற கடைக்காரன் ஏமாற்றுவானா? அந்த ஒரு முள்ளை நம்பித்தான் 64,500 போனது.

பணம் கொடுத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். தளம் வழியாக 5,000 முன்பணம். மீதி 59,500-ஐ நேரே வங்கிக் கணக்கில் போட்டால் சரக்குக் கூலி இல்லை என்றார். போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சாமான் பதினெட்டு நாள் கழித்து வந்தது. லாரி ஆபீஸ் பையன் அவசரப்படுத்தி ஓடிபி வாங்கிக்கொண்டு போய்விட்டான். சாக்கைப் பிரித்துச் சக்கரத்தை ஷாஃப்டில் ஏற்றி டயல் கேஜ் வைத்தால், விளிம்பில் பக்கவாட்டில் 2.8 மி.மீ. அவுட், வட்டத்தில் 1.6. பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி! கார் டிங்கரிங்கில் பூசுகிற அதே பட்டி. அதற்கடியில் கேஸ் கட்டிங் செய்த பிளேட், சுற்றிலும் பட்டையை வளைத்து வைத்த வெல்டிங். வார்ப்பிரும்பே கிடையாது. ஷாஃப்ட் மைக்ரோமீட்டரில் 39.6 மி.மீ.; பேரிங் துளை 40. அந்த 0.4 இடைவெளியில் பேரிங்கின் சின்ன ஸ்குரூ எவ்வளவு முடுக்கினாலும் ஷாஃப்ட் ஒரு பக்கமாகத்தான் உட்காரும்.

அப்புறம்தான் அந்த வீடியோவைத் திரும்ப ஓடவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயல் கேஜின் தொடு ஊசி சக்கரத்தின் விளிம்பில் இல்லை. நடுவில் ஷாஃப்ட் நுழையும், லேத்தில் கடைந்த குடத்தின் மேல் வைத்திருக்கிறது. அந்தக் குடத்தை அதே லேத்தில் அதே பிடியில்தான் கடைந்திருப்பார்கள். முள் எப்படி அசையும்? பிளேடு ஓடுவது விளிம்பில், அளந்தது குடத்தில். தெரியாமல் செய்கிற வேலையா இது? தெரிந்தவன் கண்ணையே மறைக்கச் செய்த வேலை.

பிளேடு கதை இன்னும் மோசம். நல்ல பிளேடில் பல் நுனி மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும், முதுகு வளையும் தன்மையோடு இருக்கும். பல் நுனியில் அரத்தை வைத்துத் தள்ளினால் வழுக்க வேண்டும். இதில் அரம் கடித்தது, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி தூள் வந்தது. பல் விரிப்பு, அதாவது பற்கள் இடமும் வலமும் வளைந்து நிற்கும் அளவு, ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. இருக்க வேண்டும், இங்கே ஒரு பக்கம் 0.4, மறுபக்கம் 0.15. இப்படி இருந்தால் பலகை அலை அலையாகத்தான் விழும், விரிப்பு அதிகமுள்ள பக்கமே இழுத்துக்கொண்டு போகும். நீளம் பத்தில் நாலுதான் சரி. மூன்று பிளேடு 3,900 மி.மீ. தான் இருந்தது, 113 மி.மீ. குறைந்தால் இரண்டு சக்கர மையமும் 56 மி.மீ. நெருங்க வேண்டும், இழுப்புத் திருகில் அவ்வளவு ஓட்டம் ஏது?

சரி, சக்கரம் பழைய பட்டறைச் சக்கரமாக இரவல் கிடைத்தது, சரியான நீளத்தில் ஒரு பிளேடையாவது பார்த்துவிடுவோம் என்று மாட்டினோம். இழுப்பு எவ்வளவு என்பதை ஊகத்தில் விடவில்லை. பிளேடில் 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு குறி போட்டு, திருகை முடுக்க முடுக்க வெர்னியரில் பார்த்தோம், 0.25-லிருந்து 0.3 மி.மீ. நீண்டதும் நிறுத்த வேண்டும், நிறுத்தினோம். 14 அங்குல விட்டமுள்ள வேம்புத் தடி. இரண்டு பலகை எடுத்தது, இரண்டுமே நடுவில் கால் அங்குலம் புடைத்து. மூன்றாவது பலகையில் பாதி போனதும் 'படார்'. அறுந்தது வெல்டிங் மூட்டில். மூட்டைப் பார்த்தால், வெல்டிங் செய்தபின் சரியாகச் சூடு காட்டித் தணிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. முழு மூடி போட்டிருந்ததால் பட்டை உள்ளேயே சுருண்டு கிடந்தது. மூடி இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

பாலிகார்பனேட் ஷீட்டுக்கு வருகிறேன். 6 மி.மீ. இரட்டைச் சுவர் ஷீட் சதுர மீட்டருக்கு 1.3 கிலோ இருக்க வேண்டும். 125 சதுர அடி என்றால் 11.6 சதுர மீட்டர், எடை 15 கிலோ. எடை மெஷினில் வைத்தால் 11 கிலோ. சுவர் அத்தனை மெல்லிசு. எந்தப் பக்கம் வெயிலுக்குக் காட்டுவது என்று அச்சடித்த பிலிமும் இல்லை. புற ஊதாத் தடுப்புப் பூச்சு இருந்தால்தானே அச்சடிப்பார்கள்! பூச்சில்லாத ஷீட் நம் கடலோர வெயிலில் மஞ்சளாகி, மொறமொறத்துப் போகும், அடுத்த காற்றுக்கு ஸ்குரூத் துளையிலேயே கிழியும். நல்ல ஷீட்டுக்கே துளையைப் பெரிதாகப் போட வேண்டும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும்.

டிரையர் கட்டுகிறவர்களுக்கு இடையில் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்களில் கூரை 45 டிகிரி சாய்ந்திருக்கும். அது அவர்கள் ஊர்ச் சூரியனுக்கு. கடலூரும் புதுச்சேரியும் 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. தெற்கு பார்த்து 12-லிருந்து 15 டிகிரி போதும், மழையும் வழிந்துவிடும். கூரை 60 சதுர அடி என்றால் ஒரு அங்குலப் பலகை 50 கன அடிக்கு மேல் அடுக்காதீர்கள். பலகை அடுக்குகளுக்கு இடையே காற்றுப் போக வைக்கும் ரீப்பரை ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வையுங்கள், ஒன்று தள்ளிப்போனாலும் அந்த இடத்தில் பலகை வளையும். பச்சைப் பலகையை நேராக உள்ளே தள்ளினால் முனை வெடிக்கும். நிழலில் 25, 30 சதவீத ஈரம் வரை இறங்கட்டும். நம் கடற்காற்றில் வெளியே வைத்தே காயவைத்தால் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம், அதனால்தான் இந்த டிரையரே. இத்தனை யோசித்துப் போட்ட கணக்கில் அந்த 10,000 ரூபாய் ஷீட் மண் அள்ளிப் போட்டது.

இனி பதில்கள். முதல் போனுக்குக் கடைக்காரர், "போட்டோ அனுப்புங்க அண்ணே, பார்த்துடலாம்." அனுப்பினேன். நாலு நாள் கழித்து, "லேத் ஆள் ஊருக்குப் போயிருக்கான், வரட்டும்." அப்புறம், "நீங்க மாட்டினதுல தப்பு இருக்கும்." வேம்பு அறுத்தோம் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்: "வேம்பு ரொம்ப ஹார்டு அண்ணே, இந்த பிளேடு சாஃப்ட் மரத்துக்குத்தான்." ஆர்டரிலேயே வேம்பு, பலா, பூவரசு என்று எழுதியிருந்தேன்! அதைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அவர் படமே தெரியவில்லை, பிளாக்.

தளத்துக்குப் புகார் போட்டேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பெண். அடுத்த நாள் வேறொருவர், முதலிலிருந்து கதை. மூன்றாமவர், "சார், 59,500 எங்க வழியா வரலை, அதுக்கு நாங்க பொறுப்பில்லை." சரி, அந்த 5,000? "ஓடிபி குடுத்துட்டீங்க சார், சரக்கு ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்." அந்தக் கடைக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை முத்திரை போட்டது யார்? அதற்கும் பதில் இல்லை. நேற்று ராத்திரி புகாரை மூடிவிட்டார்கள். 64,500 ரூபாய்க்கு ஒரு குறுஞ்செய்தி.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

டயல் கேஜ் வீடியோவில் முள்ளைப் பார்க்காதீர்கள், ஊசி எங்கே தொடுகிறது என்று பாருங்கள். விளிம்பின் மேலும் பக்கத்திலும் வைத்து ஒரே ஓட்டமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிளேடு முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அரம் வைத்துப் பாருங்கள், நீளத்தை அளந்து பாருங்கள்.

ஷீட்டை எடை போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாக்கைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டு அப்புறம் ஓடிபி.

தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

மில் ஓட்டுவதற்கு முன்னால் உரிமம் பற்றி வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். 2020 மின்வணிக விதிப்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடலூர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுந்த பிளேடு, பட்டி சுரண்டிய சக்கரம், அந்த வீடியோ மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. நீல பெயிண்ட் அடித்த லேத், பின்னால் சுவரில் முருகன் காலண்டர், குடத்தின் மேல் ஊசி: இதே வீடியோ வேறு யாருக்காவது வந்திருந்தால் பணம் போடுவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். போட்டுவிட்டிருந்தாலும் எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.