சிரட்டையும் வெள்ளைத் துணியும்: மட்டக்களப்பில் இரண்டு நாள் பயிலரங்கு

மட்டக்களப்பு நகரில் தனியார் கல்வி நிலையம் ஒன்று அணுவாயுதக் களைவுப் பேச்சுவார்த்தைகள் பற்றி நடத்திய பயிலரங்குக்கு 3,000 ரூபா கட்டணம் செலுத்திச் சனி, ஞாயிறு இரு நாட்களும் சென்றுவந்தேன். கல்லடிப் பாலத்தடியில் இருந்துகொண்டு வாஷிங்டனும் மொஸ்கோவும் பேசியதைப் படித்து என்ன காணப்போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், நோர்டிக் நாடுகளிலிருந்து வந்த கண்காணிப்பாளர்களின் வாகனங்கள் எங்கள் வீதிகளில் ஓடித்திரிந்ததைப் பார்த்தவன் நான். ஒருவரையொருவர் துளியும் நம்பாத இரு தரப்பினர் காகிதத்தில் கையொப்பமிட்ட மறுநாள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்தே என்னிடம் இருக்கிறது. அதற்கு விடை தேடித்தான் போனேன்.

முதல்நாள் காலை முழுவதும் விரிவுரை. 1963ஆம் ஆண்டின் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கையை விரிவுரையாளர் ஒரே மூச்சில் கடந்துவிட்டது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாதென்று தடுத்த அந்த உடன்படிக்கை நிலத்தடிச் சோதனையை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்பதற்குள்தான் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இருக்கிறது. நிலத்தடியில் சோதனை நடந்ததா என்று நேரில் வந்து பரிசோதிக்க ஆண்டுக்கு ஏழு தடவை வேண்டும் என்றது அமெரிக்கா. மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத் ஒன்றியம். ஏழுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட அந்த நான்கை எவராலும் கடக்க முடியவில்லை. இதையே ஒரு மணித்தியாலம் பேசியிருக்கலாம்.

ஆனால் ரேக்யவிக் சந்திப்பைச் சொன்ன விதத்தைக் குறைசொல்ல இடமில்லை. 1986 ஒக்டோபர் 11, 12ஆம் திகதிகளில் ஐஸ்லாந்தின் தலைநகரில், கடலோரத்தில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளை வீட்டில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனும் சோவியத் தலைவர் கொர்பச்சேவும் அமர்ந்து, அணுவாயுதங்கள் அத்தனையையும் ஒழித்துவிடுவது பற்றியே பேசும் அளவுக்குப் போனார்கள். பாய்ந்துவரும் ஏவுகணைகளை இடைமறிக்க அமெரிக்கா வகுத்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தின் சோதனைகள் பத்து ஆண்டுகளுக்கு ஆய்வுகூடத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்று கொர்பச்சேவ் விடாப்பிடியாக நின்றார், ரீகன் இணங்கவில்லை, இருவரும் வெறுங்கையோடு காரில் ஏறினார்கள். வழக்கமாகக் கதை இந்த இடத்தில் ஒரு பெருமூச்சோடு முடியும். விரிவுரையாளர் அப்படி முடிக்காமல், அந்த இரண்டு நாட்களில் எந்தெந்த எண்களில் இரு தரப்பும் இறங்கிவந்தன, அவை பிறகு எந்த உடன்படிக்கையில் எப்படித் திரும்பி வந்தன என்று பலகையில் எழுதிக் காட்டினார்.

அதன் தொடர்ச்சியாக, 1987 டிசம்பர் 8ஆம் திகதி கைச்சாத்தான இடைத்தூர ஏவுகணை உடன்படிக்கைக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் செலவாயிற்று. 500 கிலோமீற்றர் முதல் 5,500 கிலோமீற்றர் வரை பாயும், தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை அடியோடு இல்லாமற்செய்த உடன்படிக்கை அது. 1991 நடுப்பகுதிக்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அவற்றில் 1,846 சோவியத்தினுடையவை, 846 அமெரிக்காவினுடையவை. அதிகம் வைத்திருந்தவர் அதிகம் அழித்தார். இந்த எண்களை விட என்னைப் பிடித்து நிறுத்தியது சோவியத் ஒன்றியத்தின் வொட்கின்ஸ்க் ஏவுகணை ஆலையின் வாசல். தடைசெய்யப்பட்ட எஸ்எஸ்-20 ஏவுகணையின் முதற்கட்டமும், தடையில்லாத எஸ்எஸ்-25 ஏவுகணையின் முதற்கட்டமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தபடியால், அந்த ஆலையின் வாசலிலேயே அமெரிக்கப் பரிசோதகர்கள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, வெளியே போகும் வாகனங்களை அளந்து பார்த்தார்கள். பதிலுக்கு யூட்டா மாநிலத்தின் மக்னா என்ற ஊரிலுள்ள ஆலை வாசலில் சோவியத் பரிசோதகர்கள் இருந்தார்கள். லொறியை மறித்துச் சாமானை இறக்கிக்காட்டச் சொல்வது எங்கள் பக்கத்து வீதிகளுக்குப் புதினமல்ல. மறிப்பவரும் மறிக்கப்படுபவரும் ஒரே விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததுதான் எனக்குப் புதினம்.

“நம்பு, ஆனால் சரிபார்” என்ற உருசியப் பழமொழியை விரிவுரையாளர் எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணுவதை நான் மதியத்தோடு நிறுத்திவிட்டேன். கைச்சாத்திடும் மேடையிலே ரீகன் அதைச் சொன்னபோது, ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்கள் என்று கொர்பச்சேவ் வாய்விட்டுச் சொன்னார். அவர் பட்ட பாடு எனக்கும் விளங்கியது.

கொடுத்த பணத்துக்குரிய பெறுமதி ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிடைத்தது. அமெரிக்காவும் உருசியாவும் 2010ஆம் ஆண்டில் செய்துகொண்ட புதிய ஸ்டார்ட் உடன்படிக்கை, நிலைநிறுத்தப்பட்ட அணுகுண்டுகளைத் தரப்புக்கு 1,550 என்று வரையறுத்து, ஆண்டுக்கு 18 நேரடிப் பரிசோதனைகளுக்கு இடமளித்தது. ஒரு ஏவுகணையின் முனையில் எத்தனை குண்டுகள் இருக்கின்றன என்று பரிசோதகர் எண்ணலாம்; குண்டின் அமைப்பைப் பார்க்கக்கூடாது என்பதால் ஒவ்வொன்றும் துணியாலோ உறையாலோ மூடப்பட்டிருக்கும். இதை விளக்குவதற்கு ஒரு தாம்பாளத்தில் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துவைத்து, வெள்ளைத் துணியால் தனித்தனியாக மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். எதிரணி அறிவித்தது நான்கு. துணிக்கு மேலே தெரிந்த மேடுகள் ஐந்து. ஐந்தாவது வெறும் போலிப்பொருள் என்றார்கள். மெய்யான பரிசோதனையில் அப்படிச் சொல்லப்படும் பொருளில் அணுக்கதிர் வருகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதற்குப் பதிலாகக் காந்தத்துண்டு ஒன்று தரப்பட்டது. குண்டாகக் கணக்கிடப்படும் சிரட்டைக்குள் மட்டும் ஆணி வைத்திருப்பார்களாம். காந்தத்தைத் துணிக்கு மேலே பிடித்துக்கொண்டு அது இழுக்கிறதா இல்லையா என்று ஏழு பேர் மூச்சைப் பிடித்துக் குனிந்து நின்றோம். இழுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த, களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், “வேலியைப் பிடுங்காம எல்லைக்கல்லை மட்டும் பாக்கிற வேலை மனே இது” என்று மெதுவாகச் சொன்னார். விரிவுரையில் கேட்ட எந்த வரைவிலக்கணத்தையும் விட எனக்கு அது பொருத்தமாகப் பட்டது.

அந்தப் பரிசோதனைகள் 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நின்று பிறகு தொடங்கவேயில்லை என்பதையும், 2023 பெப்ரவரியில் உருசியா உடன்படிக்கையை இடைநிறுத்தியதையும், ஒரு தடவை மட்டும் நீடிக்கலாம் என்ற விதிப்படி 2026 பெப்ரவரி 5 வரைக்குமே அதற்கு ஆயுள் இருந்ததையும் சிரட்டைகளை அள்ளிக்கொண்டிருந்த வேளையில் சொன்னார்கள். பாதிப்பேர் தேநீருக்கு எழுந்துவிட்டிருந்தார்கள்.

குறைகளில் முதலாவது கையேடு. ஒரே கருத்து ஓரிடத்தில் சரிபார்ப்பு, இன்னோரிடத்தில் உறுதிப்படுத்தல், மற்றோரிடத்தில் மெய்ப்பிப்பு என்று வந்தது. இவை மூன்றும் மூன்று வேறு நடைமுறைகள் என்று நினைத்து ஒரு மாணவி கேள்வி கேட்டு, பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போயிற்று. ஒரு சொல்லின் பொருளுக்காக மாதக்கணக்கில் வாதாடியவர்களைப் பற்றிய கையேட்டில் இது நடக்கக்கூடாது. இரண்டாவது, எங்கள் அயலை அவர்கள் தொட்ட விதம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றது தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31ஆம் திகதி உடன்பட்டு, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதலாம் திகதி அந்த நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிவருகின்றன. கார்கில் சண்டை நடந்து முடிந்த பிறகும் அந்த வழக்கம் அறுந்துவிடவில்லை. இதற்குக் கிடைத்தது பத்து நிமிடம். 1995இல் அணுவாயுதப் பரவற் தடை உடன்படிக்கையை வாக்கெடுப்பின்றிக் காலவரையறையில்லாமல் நீடிக்கச் செய்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் நாட்டின் ஜயந்த தனபால. அவரது பெயர் இரண்டு நாட்களிலும் ஒரு தடவைகூட உச்சரிக்கப்படவில்லை. இதை மறதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

மதியச் சோற்றுப்பொதியில் இறால் கறி தாராளமாக இருந்தது. ஒலிபெருக்கி இரண்டு நாளும் கரகரத்தது.

ஞாயிறு பின்னேரம் இரு அணிகளாகப் பிரிந்து கற்பனை நாடுகளுக்காகப் பேசினோம். ஒவ்வோர் அணிக்கும் அதனிடமுள்ள மெய்யான எண்ணிக்கை முத்திரையிட்ட உறையில் தரப்பட்டிருந்தது. எதிரணி பத்துச் சிரட்டையாவது ஒளித்திருக்கும் என்று கணக்குப்போட்டு, நாங்கள் இரண்டை அறிவிக்காமல் வைத்துக்கொண்டோம். உடன்பாடு எட்டாமலே நேரம் முடிந்தது. உறைகளைத் திறந்தபோது அவர்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கம் சிறிது நேரம் எவரும் வாய்திறக்கவில்லை.

அடுத்த தொகுதிக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது தாராளமாகப் பயன்படும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வருபவர்கள் சனிக்கிழமைக் காலை விரிவுரைக்குச் சற்றுப் பிந்தினாலும் இழப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் தவறவிட வேண்டாம்.