சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டிபி: மூன்று கோடை ஓடிய பிறகு

இந்த என்விஎம்இ எஸ்எஸ்டியின் (பிசிஐஇ வழியாக இயங்கும் வேகமான சேமிப்பு டிரைவ்) பெட்டியில் போட்டிருக்கும் வேகம் நொடிக்கு 3,500 எம்பி ரீட், 3,300 எம்பி ரைட். இரண்டும் பொய்யில்லை. ஆனால் மூன்று கோடை சென்னையில் ஓடிய டிரைவைப் பற்றிப் பேச, அந்த எண்கள் போதாது. கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் பகுதி) தீர்ந்தால் என்ன வேகம், எவ்வளவு சூடேறுகிறது, கரண்ட் பட்டென்று போனால் என்ன ஆகிறது என்பவைதான் நாள்பட உழைக்கிற விஷயங்கள்.

2019 ஜனவரியில் வந்த மாடல் இது. மதர்போர்டோடு பேசும் பாதை பிசிஐஇ 3.0, அதில் நான்கு லேன் (தடம்), 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சிப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் மெல்லிய லேப்டாப்பிலும் இடிக்காமல் உட்காரும். எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க 1 ஜிபி டிராம் (தற்காலிக நினைவகம்) உண்டு. ஹார்டு டிஸ்கிலிருந்து இதற்கு மாறினால் கம்ப்யூட்டரே புதிதாகிவிடும். சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு) எஸ்எஸ்டியிலிருந்து மாறுபவர்கள் அப்படி எதிர்பார்க்க வேண்டாம். விண்டோஸ் திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரிய ஃபைல்களை நகர்த்தும்போதுதான் தெரியும்.

ஒரே பெயரில் இரண்டு டிரைவ்கள் இருக்கின்றன என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-இல் கன்ட்ரோலரை (டிரைவை நடத்தும் சிப்) மாற்றிவிட்டார்கள். ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் எம்இசட்விஎல்பி என்று தொடங்கினால் பழையது, எம்இசட்விஎல்2 என்று தொடங்கினால் புதியது. பழையதில் வேகமான கேஷ் 42 ஜிபி; அது நிரம்பியதும் வேகம் 1,700 எம்பிக்கு இறங்கும். புதியதில் கேஷ் சுமார் 115 ஜிபி. ஆனால் நிரம்பினால் 800 எம்பி அளவுக்கு விழுந்துவிடும். கணக்குப் போட்டால், 100 ஜிபி எழுதப் பழையதற்கு 47 நொடி, புதியதற்கு 30 நொடி. 300 ஜிபி என்றால் கதை தலைகீழ்: பழையது 165 நொடி, புதியது 266 நொடி.

இதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கேமரா கார்டிலிருந்து ஏற்றும்போது, சாதாரண எஸ்டி கார்டுகளின் யுஎச்எஸ்-1 தரநிலையில் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பிதான். அந்த வேகத்தில் வருவதை எந்த வெர்ஷனும் நாள் முழுக்க வாங்கிக்கொள்ளும். இன்னொரு என்விஎம்இ டிரைவிலிருந்து நேரடியாக நூற்றுக்கணக்கான ஜிபி இறக்குபவருக்கு மட்டும்தான் இந்த வேறுபாடு. எல்லோருக்கும் பொருந்துவது வேறொன்று: கேஷின் பெரும்பகுதி காலி இடத்தைக் கடன் வாங்கித்தான் இயங்குகிறது. விண்டோஸ் காட்டும் 931 ஜிபியையும் அடைத்து வைத்தால் கேஷ் சுருங்கி, டிரைவ் திணறும். 150 ஜிபியாவது காலியாக விடுங்கள்.

அடுத்தது சூடு. இந்த டிரைவ் 70 டிகிரி வரை இயங்கலாம் என்பது கம்பெனி தரும் வரம்பு. ஏசி இல்லாத அறை கத்திரி வெயிலில் 35 டிகிரி இருந்தால், பாதித் தூரத்தை அறையே கடந்துவிடுகிறது. சூடு மிஞ்சினால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். டேட்டா போகாது, காப்பி மட்டும் இழுக்கும். டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் ஸ்லாட்டைத் தவிர்த்து, பிராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்கள். மதர்போர்டின் ஹீட்சிங்க் தகட்டை மாட்டுமுன், அதன் பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்க வேண்டும். உரிக்க மறந்துவிட்டு "ஹீட்சிங்க் போட்டும் கொதிக்கிறது" என்பவர்கள் ஏராளம். டிரைவின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

மாட்டுவது சுலபம்தான். பவரை நிறுத்தி, லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரையும் கழற்றி, சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போட வேண்டும். அந்தக் குட்டி ஸ்க்ரூ பல மதர்போர்டுகளில் தனிப் பொட்டலத்தில் வரும். முதலிலேயே தேடி எடுத்து வையுங்கள். எம்.2 ஸ்லாட் (இந்த டிரைவைச் செருகும் இடம்) இருப்பதாலேயே என்விஎம்இ ஓடிவிடாது. சில ஸ்லாட்டுகள் சாட்டா மட்டும். சிலவற்றில் இரண்டே லேன்தான், அதில் பாதி வேகம்தான் கிடைக்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் உள்ள லேப்டாப்களில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிரைவே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி பயாஸில் இருக்கும் விஎம்டி (டிரைவ்களை இன்டெல் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் வசதி) செட்டிங். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (எஸ்எஸ்டியை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) பென் டிரைவில் வைத்து லோட் செய்தால் தெரியும். பழைய விண்டோஸைக் குளோன் செய்வதாக (அப்படியே நகலெடுப்பதாக) இருந்தால், முதலில் பிட்லாக்கரை (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) நிறுத்திவையுங்கள். 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைக்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி இல்லாமல், ஆன்டிஸ்டாடிக் கவரில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஓஇஎம் டிரைவ்கள் (லேப்டாப் கம்பெனிகளுக்கு மொத்தமாகத் தரப்பட்டவை). வேகம் குறைவில்லை, ஆனால் 5 ஆண்டு வாரண்டி அவற்றுக்குக் கிடையாது. சீல் உடையாத பெட்டி, சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பவர் ஆன் நேரத்தையும் மொத்தம் எழுதிய அளவையும் பாருங்கள். புதிய டிரைவில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

ஆயுளைப் பற்றிய பயம் தேவையில்லாதது. 1 டிபி மாடலுக்கு உத்தரவாதத்தின் எழுதும் வரம்பு 600 டிபி. தினமும் 30 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 54 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தினமும் 300 ஜிபி எழுதும் எடிட்டிங் மெஷினுக்கே ஐந்தரை ஆண்டு வரும். பயப்பட வேண்டியது கரண்ட் கட்டுக்குத்தான். சர்வர் டிரைவ்களில் இருப்பது போல, மின்சாரம் போன நொடியில் தாங்கிப்பிடிக்கும் கெபாசிட்டர்கள் இதில் இல்லை. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடலாம். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் கட்டாயம். டிரைவ் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் அன்சேஃப் ஷட்டவுன் (கரண்ட் பட்டென்று போன தடவைகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், யுபிஎஸ் பேட்டரி தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இதைக் கழற்றிப் பீரோவில் பேக்கப்பாக வைப்பவர்கள் கவனிக்க: ஜெடெக் (சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பு) தரநிலைப்படி, எழுதும் வரம்பு முடிந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு டேட்டாவைக் காத்தால் போதும். வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். மே மாத இரவில்கூடச் சென்னை அறைகள் 30 டிகிரிக்குக் கீழே வருவது அபூர்வம். அதிகம் எழுதாத டிரைவ் இதைவிடப் பலமடங்கு தாங்கும் என்றாலும், சில மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகி, எல்லா ஃபைல்களையும் ஒருதரம் படிக்கவிட்டு எடுத்து வையுங்கள். குடும்பப் படங்களின் ஒரே நகல் இதில்தான் இருக்கிறது என்றால், இன்றைக்கே ஒரு ஹார்டு டிஸ்கிலும் போட்டுவிடுங்கள்.