புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: எரர் கோடு படிக்க மட்டும் என்றால் வேண்டாம்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் வாங்கி வைக்கும் சின்னக் கருவிதான் இது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் அமைப்புக்கான இணைப்பு) செருகி, போனில் செயலியைத் திறந்தால் கோளாறைக் குறிக்கும் எரர் கோடு வந்துவிடும். அதில் குறையில்லை. ஆனால் அதை எந்த மெக்கானிக்கும் படித்துச் சொல்லிவிடுவார். காசு கொடுத்து வாங்க வேண்டியது லைவ் டேட்டாவுக்காக, அதாவது சென்சார்கள் அந்தந்த நொடியில் சொல்லும் அளவுகளுக்காக.

என் கார் சிக்கனமானது, சின்ன இன்ஜின். மைலேஜ் மெல்ல மெல்ல இறங்கியது. விளக்கோ எரியவே இல்லை, கோடும் இல்லை. லைவ் டேட்டாவில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பார்த்தால், நன்றாக ஓடிச் சூடான பிறகும் 65 டிகிரியில் நின்றது. 90ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான் காட்டும். அதனால் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து, கூலன்ட் வெப்ப சென்சாரின் கனெக்டரை லேசாக அசைத்தேன். எண் 88க்குத் தாவி மறுபடி விழுந்தது. கூலன்ட் ஒரு நொடியில் இருபது டிகிரி சூடாகுமா? சந்தேகம் வயரிங் பக்கம் திரும்பியது. கழற்றிப் பார்த்தால் முனையில் துரு போன்ற களிம்பு.

இந்த சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். குளிர்ந்திருக்கும்போது இரண்டாயிரம் ஓமுக்கு மேல், சூட்டில் சில நூறு ஓம்தான். களிம்பால் 200 ஓம் கூடினால், காலையில் அது தெரியவே தெரியாது. சூடான இன்ஜினிலோ இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) ஏமாந்துவிடும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். வயர் முழுக்க அறுந்திருந்தால் மைனஸ் 40 காட்டி, இந்த சென்சார் சர்க்யூட்டுக்கான பி0118 கோடு வந்திருக்கும். அது சுலபம். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் தொல்லை.

சொல்லப்போனால் பி0118 வந்தாலும் உடனே சென்சார் வாங்க ஓடக் கூடாது. கோடு அந்த சர்க்யூட்டைத்தான் காட்டுகிறது. இரண்டு வயர் மட்டும் உள்ள வெப்ப சென்சார் என்றால், கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். மைனஸ் 40 இருந்த இடத்தில் எண் உச்சத்துக்குப் போனால் வயரிங் சரி, சென்சார்தான் போயிருக்கிறது. அசையாமல் நின்றால் வயரிலோ இசியு பக்கமோ துண்டிப்பு. மூன்று வயர் சென்சார்களில் இதைச் செய்யவே வேண்டாம், 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகிவிடும்.

குறைகளும் உண்டு. வயரில் எவ்வளவு வோல்டேஜ் விழுகிறது என்று இந்த ஸ்கேனர் சொல்லாது. மல்டிமீட்டர் தனியாக வேண்டும். ஒரே நேரத்தில் பத்து அளவுகளைத் திறந்தால் நத்தை மாதிரி நகரும், நொடிப்பொழுதுத் தாவல்கள் தப்பிவிடும். இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலிவானவற்றில் பெரும்பாலானவை காரோடு பேசும் இஎல்எம்327 சிப்பின் நகல்கள்; சில கார்களோடு இணையவே மறுக்கும், திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குவது நல்லது.

செயலியில் எரர் கோடுகளை அழிக்கும் பட்டனைக் கைபோன போக்கில் அழுத்தாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் பதிவான ஃப்ரீஸ் ஃபிரேம் விவரமும் சேர்ந்து போய்விடும். அப்புறம், சாக்கெட்டில் 16ஆம் முனைக்கு எப்போதும் பேட்டரி மின்சாரம் வருவதால், காரை நாள்கணக்கில் நிறுத்துவதென்றால் கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.