நாலரை ஆண்டுகள், ஒரு விளையாட்டு, ஏழு மேல்முறையீடுகள்

தனியாளாக நிரல் எழுதி, படம் வரைந்து, இசையையும் நானே அமைத்து வெளியிட்ட ஒரு புதிர் விளையாட்டைப் பெரிய விநியோகத் தளம் ஒன்றில் நாலரை ஆண்டுகளாக விற்று வருகிறேன். குழாய்த் துண்டுகளைத் திருப்பித் திருப்பி நீருக்கு வழி அமைப்பதுதான் ஆட்டம். விளையாடுபவர்கள் தாங்களே புதிர்களை உருவாக்கி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் முடியும். இந்தக் காலத்தில் என் விளையாட்டு மூன்று முறை தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஏழு மேல்முறையீடுகள் செய்தேன். நான்கு எனக்குச் சாதகமாக முடிந்தன, இரண்டு நிராகரிக்கப்பட்டன, ஒன்றுக்கு இன்றுவரை பதில் இல்லை. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே பெயரோடு வரும் நிறுவனங்கள் ஒப்பீட்டுக்காக மட்டுமே வருகின்றன. எனக்கு நேர்ந்தது எதுவும் அவற்றில் நேர்ந்ததல்ல.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை குறைவில்லை. பணம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பல நாடுகளின் விற்பனை வரிக் கணக்கைத் தளமே பார்த்துக்கொள்கிறது. அதை நானே செய்ய வேண்டியிருந்தால் விளையாட்டு உருவாக்கவே நேரம் மிஞ்சியிருக்காது. ஆட்டம் பாதியில் நின்றுபோனால் எந்த வரியில் நின்றது என்ற பிழையறிக்கை அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. புதிய பதிப்பை ஏற்றினால் சில மணி நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. இயந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையைத் தளத்தின் இயந்திரங்கள் மிக நன்றாகவே செய்கின்றன. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டிய இடங்களில்தான் என் குறைகள் அனைத்தும் தொடங்குகின்றன.

வெளியிட்ட எட்டாவது மாதத்தில் என் விளையாட்டின் நகல் ஒன்று அதே தளத்தில் தோன்றியது. முகப்புச் சின்னம், ஸ்கிரீன்ஷாட்கள், விளக்கத்தில் நான் செய்திருந்த ஓர் எழுத்துப்பிழை வரை அப்படியே இருந்தன. பெயரில் மட்டும் ஒரு சொல் கூடுதல். இத்துறையில் இது புதிதல்ல. ஏறத்தாழ 14 மாத உழைப்பில் உருவான திரீஸ் என்ற எண் புதிர் 2014 பிப்ரவரியில் வந்தபோது, ஒரே மாதத்துக்குள் அதையொத்த விளையாட்டுகள் வரிசைகட்டி வந்தன. மார்ச்சில் வந்த 2048 மூலத்தைவிடப் பெரிய புகழ் பெற்றுவிட்டது. ஆனால் அங்கே நடந்தது ஆட்டக் கருத்தைப் பின்பற்றுவது. ஒரு விளையாட்டின் விதிகளுக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்பதையும், அது ஒருவகையில் நல்லதே என்பதையும் நான் ஏற்கிறேன். எனக்கு நடந்தது கோப்புகளையே எடுத்துக்கொண்டது. புகார் செய்தேன். மூன்று வாரம் கழித்து அந்த நகல் நீக்கப்பட்டது. நான்கே நாளில் வேறொரு கணக்கிலிருந்து வேறொரு பெயரில் திரும்பி வந்தது. இரண்டாவது புகாரின் முடிவுக்காகக் காத்திருந்த வேளையில்தான், ‘பிற படைப்பைப் போலச் செய்தல்’ என்ற விதியைக் காட்டி என் விளையாட்டு நீக்கப்பட்டது.

காரணத்தை இன்றளவும் ஊகிக்கத்தான் முடிகிறது. இரண்டு பக்கங்களின் படங்களும் ஒன்றாக இருப்பதை ஒரு கருவி கண்டுபிடித்திருக்க வேண்டும். எது மூலம், எது நகல் என்பதைப் பார்க்க வெளியீட்டுத் தேதி என்ற ஒரே ஒரு தகவல் போதும். அது தளத்திடமே இருக்கிறது. என் மேல்முறையீட்டில் தேதிகளையும், மூலக் கோப்புகளின் பழைய பதிப்புகளையும், முதல் மாதத்து விற்பனைக் கணக்கையும் இணைத்து அனுப்பினேன். ஐந்தாவது நிமிடத்தில் ‘கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை’ என்ற பதில் வந்தது. இணைத்திருந்த கோப்புகளைத் திறக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். அதே கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் பத்து நாள் கழித்து மறுபடி அனுப்பினேன். விளையாட்டு திரும்ப வந்தது, வருத்தமோ விளக்கமோ இல்லாமல். முதல் முறை ஏன் மறுத்தார்கள் என்பதைவிட, இரண்டாம் முறை ஏன் ஏற்றார்கள் என்பதுதான் எனக்குக் கூடுதல் கவலையைத் தந்தது. தோற்ற வழக்கிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளலாம். சீட்டுக் குலுக்கலில் வென்றதிலிருந்து என்ன கற்பது?

இங்கே ஒரு சமனின்மை இருக்கிறது, என் நாலரை ஆண்டு அனுபவமும் அதைச் சுற்றியே நிற்கிறது. நகல் எடுப்பவருக்குக் கணக்கு என்பது தொழிற்செலவு. பத்துக் கணக்குகளில் ஆறு போனாலும் மீதி நான்கில் வருமானம் வரும். போன ஆறுக்காக அவர் மேல்முறையீடு செய்வதில்லை, புதிதாக ஆறு திறக்கிறார். எனக்கு இருப்பது ஒரே கணக்கு. அதில்தான் என் பெயர், விமர்சனங்கள், வாங்கியவர்களின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. ஆகவே ஒரே தண்டனை அவருக்கு அபராதமாகவும் எனக்குக் கடையடைப்பாகவும் விழுகிறது. நுழைவுக் கட்டணம் இதைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். கூகுள் பிளேயில் ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர் என்று கட்டணம் இருக்கிறது. ஸ்டீமில் விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்த நூறு திரும்பக் கிடைக்கும். பயனர் வாக்கெடுப்பில் இயங்கிய கிரீன்லைட் முறையை 2017-இல் கைவிட்டுத்தான் ஸ்டீம் இந்த ஏற்பாட்டுக்கு வந்தது. கட்டணம் சோம்பேறிகளை வெளியே நிறுத்தும், மறுப்பதற்கில்லை. கணக்குப் பார்த்து முதல் போடுபவரை அது நிறுத்தாது.

சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்றும் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள ஒரு விதிமுறைப்படி, வணிகப் பயனரின் சேவையை முற்றாக நிறுத்தும் தளம், சில விலக்குகள் நீங்கலாக, 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடப்புக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கத்துக்கான காரணத்தைத் தெளிவாகக் கூற வேண்டும் என்கிறது. அம்முடிவில் தானியங்கிக் கருவி பங்கெடுத்ததா என்பதையும் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டை முழுக்க இயந்திரத்திடம் விட்டுவிடுவதற்கும் அதில் தடை உண்டு. இதன் விளைவு என் அஞ்சலிலேயே தெரிந்தது: என் மூன்றாவது நீக்கத்தின் கடிதம் முந்தைய இரண்டைவிட நான்கு மடங்கு நீளமாக இருந்தது. எந்தப் படம், எந்த வரி என்ற விவரம் மட்டும் அந்த நீளத்திலும் இல்லை.

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியும் உண்டு. முறையான அறிவிப்பு அனுப்பினால் தளம் உடனே நீக்கும். நகலெடுத்தவரே அதை என்மீது பயன்படுத்தியபோதுதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். எதிர் அறிவிப்பு கொடுத்தால், புகார் செய்தவர் வழக்குப் போடாத நிலையில், 10 முதல் 14 வேலை நாட்களில் பதிவு மீட்கப்பட வேண்டும். ஆனால் எதிர் அறிவிப்பில் என் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும், அது புகார் செய்தவருக்கே போய்ச் சேரும். அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது ஒரு படிவம். வீட்டு மேசையில் வேலை செய்யும் ஒருவருக்கு, தன் வாசலை முகம் தெரியாத திருடருக்குக் காட்டிக் கொடுப்பது போன்றது. கொடுத்தேன், வேறு வழியில்லை.

ஸ்பேம் என்று பார்த்தால் என் அஞ்சல்பெட்டிதான் முதல் களம். வெளியிட்ட வாரத்திலேயே ‘பெரிய காணொளி அலைவரிசை நடத்துகிறேன், ஐந்து இலவசக் குறியீடுகள் வேண்டும்’ என்று நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அலைவரிசைகள் உண்மையானவை, அனுப்பிய முகவரியில் மட்டும் ஓரெழுத்து மாறியிருக்கும். ஒரு குறியீட்டைத் தளத்தில் உள்ளிட்டால் விளையாட்டின் ஒரு பிரதி இலவசமாகக் கிடைக்கும்; அப்படிப் பெறப்படும் குறியீடுகள் மறுவிற்பனைச் சந்தைக்குப் போகின்றன. ஒருவருக்கு ஐந்து எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றவில்லை. புகழப்படும்போது கணக்கு மறந்துபோகிறது. இப்போது, அலைவரிசையின் பக்கத்தில் அவர்களே வெளியிட்டிருக்கும் முகவரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பத்தில் ஒன்பது பேர் அத்தோடு காணாமல் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீம் நல்ல வேலை செய்திருப்பதாக நினைக்கிறேன். குறியீடு எதுவும் கைமாறாமல், பரிந்துரைப்பவரின் கணக்குக்கே பிரதியை நேராக அனுப்பும் வசதியை அது 2017-இலேயே கொண்டுவந்தது. குறியீட்டின் மூலம் பெற்ற பிரதிகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களை மதிப்பெண் கணக்கிலிருந்து 2016-இல் விலக்கியதும் அந்த வகைதான். அதில் நன்கொடையாளர்கள் மூலம் பணம் திரட்டிய நேர்மையான சிறு உருவாக்குநர்களும் அடிபட்டார்கள் என்பது வேறு.

போலி விமர்சனங்களைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஒரு நாள் காலையில் நான் கேட்காமலேயே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் அறுபது வந்திருந்தன. மறுநாள் ‘மாதந்தோறும் இந்தச் சேவை வேண்டுமா’ என்று கடிதம். அதற்கடுத்த நாள் மதிப்பீட்டில் மோசடி செய்ததாகத் தளத்தின் எச்சரிக்கை. நானாகவே முதல் நாளில் அனுப்பியிருந்த புகாரின் எண்ணைக் காட்டித்தான் அதிலிருந்து தப்பினேன். இன்று செய்யும் முதல் வேலையே அதுதான்: எது வினோதமாகத் தெரிந்தாலும், பயனுண்டோ இல்லையோ, முதலில் ஒரு புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது.

இதுவரை சொன்னவற்றில் நான் குற்றம் சாட்டுபவனாக இருந்தேன். வீரர்கள் புதிர்களைப் பகிரும் வசதியைத் திறந்த நாள் முதல் நானும் ஒரு சிறு தளமாகிவிட்டேன். ஆப்பிளின் 1.2 எண் விதி போன்றவை இதைக் கட்டாயமாக்குகின்றன: பயனர் படைப்புகளை ஏற்கும் செயலியில் வடிகட்டியும், புகார் பொத்தானும், தொல்லை தருபவரைத் தடுக்கும் வசதியும், தொடர்பு முகவரியும் இருக்க வேண்டும். நான் விற்கும் தளத்திலும் ஏறக்குறைய இதே விதிகள். புதிரின் தலைப்புக்கு நான் ஒதுக்கியிருந்த நாற்பது எழுத்துகளே சூதாட்டப் பக்கங்களின் விளம்பரப் பலகையாக மாறுவதற்கு இரண்டு வாரம்தான் ஆனது.

முதலில் சொற்பட்டியல் வைத்தேன். ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்துகளைப் போட்டு எழுதினார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் தரநிலையான யூனிகோடில், எழுத்துகளைச் சீராக்கும் வழக்கமான முறை இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதாது என்பதும், மயங்கும் எழுத்துகளுக்கென்று தனி அட்டவணை இருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சேர்த்தேன், கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளைச் சொல்லின் நடுவே செருகினார்கள். பட்டியலை இறுக்கியதும் குற்றமற்றவர்கள் மாட்டத் தொடங்கினார்கள். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால், ஊர்ப் பெயருக்குள் ஒரு வசைச்சொல் ஒளிந்திருந்த காரணத்தால், ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் போன பழைய கதையை நான் படித்துச் சிரித்திருக்கிறேன். என் வடிகட்டியும் அதையேதான் செய்தது.

பிறகு, மூன்று புகார் வந்தால் புதிர் தானாக மறைந்துவிடும் என்று அமைத்தேன். அது நான் செய்ததிலேயே மோசமான முடிவு. ஒரு மாதத்தில் வாராந்தர முதலிடத்துக்கு வந்த புதிர்கள் ஒவ்வொன்றும் மறையத் தொடங்கின. போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மறைக்கப்பட்டவர்களில் ஒருவர் நூற்றுப்பத்துப் புதிர்கள் செய்து தந்தவர். அவர் அனுப்பிய முறையீட்டை ஒன்பது நாள் கழித்துத்தான் பார்த்தேன், அதுவும் என் சொந்த மேல்முறையீட்டின் பதிலைத் தேடியபோது. என் வார்ப்புருப் பதிலில் ‘கவனமாகப் பரிசீலித்தோம்’ என்ற சொற்கள் இருந்தன. பன்மையில்.

கடைசியில் பலன் தந்தது வடிகட்டியே அல்ல. நிண்டெண்டோ 2015-இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ மேக்கர் என்ற விளையாட்டில், தான் உருவாக்கிய கட்டத்தைத் தானே ஆடி முடித்துக் காட்டினால்தான் ஒருவர் அதைப் பதிவேற்ற முடியும். தீர்க்கவே முடியாத கட்டங்களைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. நானும் அதே நிபந்தனையை வைத்தேன். விளம்பரம் ஒட்ட வரும் நிரல்களுக்குக் குழாய்ப் புதிரைத் தீர்க்கத் தெரியவில்லை, மனிதர்களுக்கோ அதற்குப் பொறுமையில்லை. நாளொன்றுக்கு முந்நூறு வந்த குப்பை ஐந்தாறாகக் குறைந்தது. புகார் வந்தால் மறைக்கும் முறையை எடுத்துவிட்டேன். புகாருக்குள்ளான புதிர் என் வரிசைக்கு வருகிறது, இரவில் நானே பார்க்கிறேன். என் அளவில் இது முடிகிறது. தளத்தின் அளவில் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஒரே பெயரில் விற்றுவரும் ஒருவரின் விளையாட்டை நீக்குமுன் ஒரு மனிதர் பார்ப்பது என்ற அளவுக்காவது, அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு போதுமானதாக இருக்க வேண்டும்.

இதே தளத்தில் மறுபடி வெளியிடுவேனா என்றால், வெளியிடுவேன். வாங்குபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இம்முறை முதல் நாளிலேயே வேறு இரண்டு தளங்களிலும் சேர்த்து வெளியாகும். மூலக் கோப்புகள் தேதியோடு தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன, எதிர் அறிவிப்புக்கென்று வாடகை அஞ்சல் முகவரி ஒன்றும் தயாராக இருக்கிறது. ஏழாவது மேல்முறையீடு பதினோரு வாரமாகப் ‘பரிசீலனையில்’ நிற்கிறது. இரண்டாவது விளையாட்டிலும் புதிர்களைப் பகிரலாம். தலைப்பு மட்டும் எழுத முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்படும்.